காந்தாரிக்கு வந்த கடிதங்கள்

போன இதழில் வேலியோரச் செடிகளைப் பற்றி எழுதும்போது, போகிற போக்கில் காந்தாரி மிளகாயைப் பற்றி நாலு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் மற்ற செடிகளைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. காந்தாரி, ஊசி மிளகாய், சீனி மிளகாய், காட்டு மிளகாய் என்று ஆளுக்கு ஒரு பேர் சொல்லி எல்லாரும் அதையேதான் கேட்டிருக்கிறார்கள். சரி, இந்த முறை பகுதி முழுக்க அதற்கே. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, எங்கள் ரப்பர் தோட்டத்து மதில் ஓரத்தில் யாரும் நடாமலே ஒரு மிளகாய்ச் செடி வந்திருக்கிறது. காய் சின்னதாக வானத்தைப் பார்த்து நிற்கிறது. மாமியார் காந்தாரி என்கிறார். வீட்டுக்காரரோ, அது நர்சரியில் விற்கிற அழகு மிளகாய், தின்னக் கூடாது என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, தக்கலை

நான் மாமியார் பக்கம்தான் சாய்கிறேன். ஆனால் காய் வானத்தைப் பார்க்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். அழகுக்கு வளர்க்கும் மிளகாயும் அப்படித்தான் நிற்கும். காயை விட்டுவிட்டுப் பூவைப் பாருங்கள். காலையில் வெயில் ஏறி, பூ நன்றாக விரிந்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

காந்தாரிப் பூ பால் வெள்ளையாக இருக்காது. வெள்ளையில் இளம்பச்சை கலந்த நிறம். இதழ் நுனி பின்பக்கமாக மடங்கியிருக்கும். நடுவில் இருக்கும் மகரந்தப் பைகள் ஊதா ஓடிய நீலம். பூக்காம்பு நிமிர்ந்து நிற்கும், பூ மட்டும் தலையைக் குனிந்துகொள்ளும். ஒரே கணுவில் இரண்டு, மூன்று பூ கூட வரும். நாம் குழம்புக்கு வாங்குகிற குண்டு, சம்பா வகைகளில் பெரும்பாலும் கணுவுக்கு ஒரு பூதான், அதுவும் பளிச்சென்ற வெள்ளை. நர்சரி அழகு மிளகாயும் அந்தக் குடும்பம்தான். செடி ஒரு அடி, ஒன்றரை அடிக்கு மேல் போகாது. ஒரே செடியில் ஊதா, மஞ்சள், சிவப்பு என்று காய்கள் கொத்துக் கொத்தாக நிற்கும். காந்தாரி நாலு அடி வரை வளரும், சில வருஷம் உயிரோடு இருக்கும், அடித்தண்டு கட்டை மாதிரி முற்றிப் போகும்.

பூ இல்லையென்றால் பழத்தை இழுத்துப் பாருங்கள். நன்றாகச் சிவந்த காந்தாரியை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தால், பச்சைத் தொப்பி செடியிலேயே நின்றுவிடும், பழம் மட்டும் வழுக்கிக்கொண்டு கைக்கு வரும். சந்தை மிளகாயில் காம்பும் சேர்ந்துதான் வரும். ஆயிரக்கணக்கான வருஷமாக மனுஷன், காய் உதிராத செடிகளாகப் பார்த்துப் பார்த்து விதை எடுத்ததால் வந்த குணம் அது. காந்தாரி இன்னும் பறவையை நம்பிப் பிழைக்கிற செடி. கொத்தினால் உடனே கழன்று வர வேண்டும் அதற்கு.

தாவரவியலில் இதற்குப் பேர் கேப்சிகம் ஃப்ரூட்டசென்ஸ். கடையில் சின்னப் புட்டியில் விற்கிற டபாஸ்கோ சாஸ் மிளகாயும் இதே இனம்தான். சந்தை மிளகாய், குடைமிளகாய், அழகு மிளகாய் எல்லாம் கேப்சிகம் ஆனுவம்.

வீட்டுக்காரரிடம் ஒன்று சொல்லுங்கள்: அழகு மிளகாய் விஷம் அல்ல. நர்சரியில் தின்பதற்கென்று வளர்க்காத செடிக்கு என்ன மருந்து அடித்தார்களோ தெரியாது, அதனால் வாங்கி வந்தபோது இருக்கிற காயைத் தின்னாமல் விடுவது நல்லது. அவ்வளவுதான்.

யாரும் நடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சின்னான் நட்டிருக்கும், கொண்டைக்குருவி என்போமே, அதுதான். அதன் எச்சத்தில் விழுந்த விதைதான் மதில் ஓரத்திலும் மரத்தடியிலும் முளைக்கிறது. இதை வைத்து, இது நம் மலையிலேயே ஆதியிலிருந்து இருக்கிற மிளகாய் என்று இன்னொரு வாசகர் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை ஐயா. மிளகாய் இனம் எல்லாமே அமெரிக்கக் கண்டங்களில் தோன்றியது. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கப்பலில் நம் மேற்குக் கரைக்கு வந்தது. வந்த இடத்தில் தோட்டத்திலிருந்து தப்பித்துக் காடேறியதுதான் நாம் காட்டு மிளகாய் என்பது.

டெக்சாஸில் ஆஸ்டின் பக்கம் வீடு வாங்கியிருக்கிறோம். பின்வேலி ஓரம் மரநிழலில் ஒரு புதர், பட்டாணியை விடச் சின்ன உருண்டைக் காய்கள், பழுத்தால் சிவப்பு. என் கணவர் ஒன்றைக் கடித்துப் பார்த்துத் துள்ளிவிட்டார். ஆனால் காரம் சீக்கிரமே இறங்கிவிட்டது. இதுவும் காந்தாரியா?
– வாசகி, டெக்சாஸ்

இல்லை தங்கச்சி. எங்களிடம் இருப்பது காடேறிய மிளகாய். நீங்கள் சொல்கிற அடையாளப்படி உங்கள் வேலியில் இருப்பது அசல் காட்டு மிளகாய். அதற்குச் சில்டெபின் என்று பேர். காய் கொஞ்சம் நீண்டு முட்டை வடிவில் இருந்தால் பீக்கின் என்பார்கள். குண்டு மிளகாயிலிருந்து குடைமிளகாய் வரை எல்லாவற்றுக்கும் மூதாதை இந்த இனம்தான். அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து மெக்சிகோ வழியாகத் தென் அமெரிக்காவின் வடபகுதி வரை தானாக வளர்கிறது. உங்கள் மாநிலம் 1997இல் இதைத் தன் மண்ணுக்குரிய மிளகாய் என்று அதிகாரபூர்வமாக அறிவித்திருக்கிறது. 1995இலேயே மாநில மிளகாய்ப் பட்டம் ஹலபேன்யோவுக்குப் போய்விட்டது, அது வேறு கதை.

கணவர் துள்ளியதில் ஆச்சரியம் இல்லை. ஹலபேன்யோவின் காரம் ஸ்கோவில் அளவில் 2,500 முதல் 8,000 வரை. சில்டெபின் 50,000 முதல் 1,00,000 வரை போகும். சட்டென்று ஏறி சட்டென்று இறங்குவதுதான் அதன் சுபாவம்.

மரநிழலில் இருக்கிறது என்றீர்களே, அதுதான் அதற்குப் பிடித்த இடம். பறவை பழத்தைத் தின்றுவிட்டு மரத்தில் போய் உட்காரும், விதை அங்கேயே விழும். அந்த மரம் வெயிலையும் பனியையும் கொஞ்சம் தாங்கிக்கொடுக்கும். மரத்தை வெட்டினால் மிளகாயும் போய்விடும். அரிசோனாவில் டுமாகாகோரி பக்கம் அரசுக் காட்டில் இந்தச் செடிக்காகவே 1999இல் 2,500 ஏக்கரை ஒதுக்கியிருக்கிறார்கள். மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில் இலையுதிர் காலம் வந்தால் மலையடிவாரக் கிராமத்து ஆட்கள் காட்டுக்குள் போய் இதைப் பறித்து வந்து காயவைத்து விற்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் காய்ந்த பழத்தைக் கிண்ணத்தில் வைத்து, வேண்டியவர்கள் விரலால் நசுக்கி மேலே தூவிக்கொள்வார்கள்.

குளிரில் உறைபனி விழுந்தால் செடி மேலே கருகிப்போகும். பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். வேர் உயிரோடு இருந்தால் வசந்தத்தில் துளிர்த்துவிடும். காய்ந்த பழத்தை ரசம் தாளிக்கும்போது ஒன்றிரண்டு நசுக்கிப் போட்டுப் பாருங்கள்.

ஒரு விஷயம். கடித்துப் பார்த்து அடையாளம் காண்கிற பழக்கத்தைக் கணவர் விட்டுவிடட்டும். காரணம் அடுத்த கடிதத்தில் இருக்கிறது.

எங்கள் வீட்டு முன்னால் ஒரு செடியில் கோலிக்குண்டு அளவில் ஆரஞ்சுச் சிவப்பில் பளபளவென்று பழங்கள். காட்டு மிளகாய் என்று ஒருவர் சொன்னார். கடைக்குட்டி பறிக்கப் போனான், தடுத்துவிட்டேன். தின்னலாமா?
– வாசகர், கோத்தகிரி

தடுத்தது ரொம்ப நல்லது. நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது மிளகாயே இல்லை. கத்தரி, மணத்தக்காளி வகையறாவைச் சேர்ந்த ஜெருசலேம் செர்ரி. குளிர் ஊர்களில் அழகுக்கு வளர்க்கிறார்கள். பழத்தில் நச்சு இருக்கிறது, குழந்தைகளுக்கு வயிற்றுவலியும் வாந்தியும் வரும்.

சந்தேகம் வந்தால் பழத்தைக் கத்தியால் குறுக்கே வெட்டுங்கள். மிளகாய் உள்ளே பொள்ளலாக இருக்கும். நடுவில் வெள்ளைத் தண்டும் அதைப் பிடித்துக்கொண்டு விதைகளும் இருக்கும். இந்தப் பழம் உள்ளே தக்காளி மாதிரி சதை நிரம்பி இருக்கும். பூவின் நடுவில் இருக்கும் மகரந்தப் பைகளும் காந்தாரியின் நீலம் அல்ல, ஆரஞ்சு மஞ்சள். குழந்தை எப்போதாவது தின்றுவிட்டால் வைத்தியம் எதுவும் வீட்டில் பார்க்காமல், ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். எந்தச் செடி என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும் அல்லவா.

காந்தாரி விதை மூன்று முறை போட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. சாதாரண மிளகாய் பத்து நாளில் வந்துவிடுகிறது. விதையில் கோளாறா, என் கையில் கோளாறா?
– வாசகி, கோயம்புத்தூர்

பொறுமையில்தான் கோளாறு என்று நினைக்கிறேன். காந்தாரிக்கு மூன்று வாரம் சர்வ சாதாரணம், ஒரு மாதத்துக்கு மேலும் இழுக்கும். பெரும்பாலானவர்கள் பதினைந்தாம் நாள் தொட்டியைக் கிளறிப் பார்த்துவிட்டு அதிலேயே கீரை விதைத்துவிடுவார்கள்.

கடையில் வாங்கிய பச்சை அல்லது வெள்ளைக் காந்தாரியிலிருந்து விதை எடுத்தீர்களா? அது முற்றாத விதை. செடியிலேயே முழுக்கச் சிவந்து, தொட்டால் மெத்தென்று இருக்கிற பழம்தான் வேண்டும். தண்ணீரில் பிதுக்கி, மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதை நிழலில் காயவையுங்கள். விதைக்கும் முந்தின ராத்திரி வெதுவெதுப்பான நீரில் ஊறவைக்கலாம். தேங்காய் நார்க் கழிவும் மண்புழு உரமும் சரிபாதி கலந்து, கால் அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல் தூவி, மேலே ஒரு ஈரச் சாக்கைப் போட்டு மூடுங்கள். முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும். 25 முதல் 30 டிகிரி சூடு இருந்தால் நன்றாக வரும். உங்கள் ஊரில் மார்கழிக் குளிரில் விதைத்தால் விதை சும்மா கிடக்கும். நாங்கள் இங்கே வைகாசி மழைக்கு முன்னால் நாற்றுவிடுவோம், நீங்கள் ஆனி ஆடியில் விடலாம்.

ஆறு இலை வந்ததும் பிடுங்கி நடுங்கள். இரண்டடிக்கு ஒரு செடி. தென்னை, வாழை நிழல் கொஞ்சம் விழுகிற இடம் நல்லது. தொட்டி என்றால் ஒரு அடி ஆழம் போதும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகி ஒரே வாரத்தில் செடி போய்விடும். அப்புறம், பாசத்தில் உரத்தைக் கொட்டாதீர்கள். மாட்டுச் சாணமும் யூரியாவும் அள்ளிப் போட்ட காந்தாரி ஆள் உயரத்துக்கு இலையாக நிற்கும், காய் மட்டும் இருக்காது. இரண்டு மாதத்துக்கு ஒரு கைப்பிடி மக்கிய உரம் போதும். சித்திரை வெயிலில் பூ உதிர்ந்தால் பயப்பட வேண்டாம், சூடு குறைந்ததும் பிடித்துக்கொள்ளும்.

பழுக்கிற காந்தாரியை எல்லாம் கிளியும் குருவியும் தின்றுவிடுகின்றன. மிளகாயைக் கரைத்துச் செடி மேல் தெளித்துப் பார்த்தேன். அப்போதும் வருகின்றன. வேறு என்ன தெளிக்கலாம்?
– வாசகர், கம்பம்

ஐயா, மிளகாய்ப் பழம் தின்ன வருகிற குருவிக்கு மிளகாய்த் தண்ணீரா? இன்னும் கொஞ்சம் ருசியாகத்தான் இருந்திருக்கும்.

பறவைக்குக் காரம் தெரியாது. காரத்தைத் தருகிற கேப்சைசின் நம் நாக்கில் சூட்டை உணரும் ஒரு புரத வாயிலைப் போய்த் தட்டுகிறது. அதனால்தான் மூளை ‘சுட்டுவிட்டது’ என்று நம்புகிறது. அந்த வாயிலை 1997இல் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. பறவைக்கும் அந்த வாயில் உண்டு, சூட்டுக்குத் திறக்கும், கேப்சைசினுக்குத் திறக்காது.

செடிக்கு இதில் பெரிய ஆதாயம். அரிசோனாவில் சில்டெபினை வைத்து ஜோஷுவா டியூக்ஸ்பரி, கேரி நாபான் என்ற இருவர் ஆராய்ந்து 2001இல் எழுதினார்கள். காட்டு எலிகளும் சுண்டெலிகளும் காரப் பழத்தைத் தொடவே இல்லை. காரமில்லாத மிளகாயைக் கொடுத்தால் தின்றன, ஆனால் அவற்றின் வயிற்றில் போன விதை ஒன்றும் முளைக்கவில்லை. பறவை தின்று வெளியேற்றிய விதைகள் முளைத்தன. ஆக, காரம் எலியை விரட்டுவதற்கு. சிவப்பு பறவையைக் கூப்பிடுவதற்கு. நீங்கள் இரண்டுக்கும் நடுவில் போய் நிற்கிறீர்கள்.

வலை கட்டுங்கள், அல்லது பழுப்பதற்கு முன்பே பறித்துவிடுங்கள். நான் கீழ்க்கிளைகளைப் பறித்துக்கொண்டு மேல்கிளைகளை விட்டுவிடுகிறேன். அடுத்த வருஷம் வேலியோரம் நாற்று தானாகக் கிடைக்கிறது.

இலையெல்லாம் சுருண்டுபோகிறது. என்ன மருந்து?
– நாலைந்து பேர்

எந்தப் பக்கம் சுருள்கிறது என்று ஒருவரும் எழுதவில்லை. ஓரங்கள் மேல்நோக்கிப் படகு மாதிரி சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கி மடங்கி, காம்பு நீண்டு, இலை குறுகினால் முரணைச் சிலந்தி. இரண்டுக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் நனையும்படி வாரம் ஒருமுறை அடியுங்கள். செடியே குட்டையாகி, இலைகள் கொத்தாகச் சுருங்கி, நரம்பு தடித்திருந்தால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். அதற்கு மருந்து இல்லை, பிடுங்கி எரித்துவிடுங்கள். மனசு கேட்காதுதான், ஆனால் பக்கத்துச் செடி பிழைக்க வேண்டும்.

குடைமிளகாய் பக்கத்தில் நட்டால் காந்தாரியின் காரம் குறைந்துவிடுமா?
– மாணவி, மதுரை

குறையாது. இந்த வருஷக் காயின் சதை தாய்ச்செடியுடையது. மகரந்தம் எங்கிருந்து வந்தாலும் அதன் காரம் மாறாது. மாறினால் அந்த விதையை முளைக்கப்போட்ட அடுத்த தலைமுறையில்தான் மாறும். இந்த இரண்டும் வேறு வேறு இனம் என்பதால் அதுவும் லேசில் நடக்காது. விதைக்கென்று வைக்கிற கிளைக்கு மட்டும் பூ விரியும் முன் மெல்லிய துணிப்பை கட்டிவிட்டால் கவலையே வேண்டாம்.

தினமும் நாலு காந்தாரி தின்றால் கொலஸ்ட்ரால் இறங்கும் என்கிறார்களே?
– வாசகர், நாகர்கோவில்

எங்கள் பக்கமும் கேரளத்திலும் இதைச் சொல்லிச் சொல்லியே காந்தாரி விலையை ஏற்றிவிட்டார்கள். விளைவிக்கிறவர்களுக்கு நாலு காசு வருவதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டு இதைத் தின்னும் அளவுக்கு ஆதாரம் எதுவும் இல்லை. வயிற்றுப்புண் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் இதை முயற்சிக்கவே கூடாது. ருசிக்குத் தின்னுங்கள், கொலஸ்ட்ராலை டாக்டர் பார்க்கட்டும்.

செடி நிறையக் காய்த்துக் கிடக்கிறது. துவையல் தவிர வேறென்ன செய்யலாம்? துவையலுமே சரியாக வரவில்லை, மிக்சியில் அரைத்தால் கசக்கிறது.
– வாசகி, திருச்சி

மிக்சியை மூடி வையுங்கள். காந்தாரியை அரைக்கக் கூடாது, நசுக்க வேண்டும். அம்மி இல்லாவிட்டால் இடிகல் போதும்.

மரச்சீனிக் கிழங்கு வாங்குங்கள், உங்கள் ஊரில் மரவள்ளி. மேல்தோலோடு உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கிற தடித்தோலையும் சேர்த்து உரித்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கட்டாயம் கொட்டிவிடுங்கள். வேறு தண்ணீரில் உப்பும் மஞ்சளும் போட்டு, கிழங்கு வெடித்து மலரும்வரை விடுங்கள்.

கிழங்கு வேகும் நேரத்தில் துவையல். முதலில் கல்லுப்பு, அதன் மேல் பத்துப் பன்னிரண்டு காந்தாரி. பச்சையும் வெள்ளையும் கலந்து இருந்தால் நல்லது. பழுத்தது வேண்டாம், இனிப்புத் தட்டும். உப்புதான் காயைப் பிடித்துக் கிழிக்கும், அதனால் அது முதலில். தோல் கிழிந்து, மூக்கில் ஏறும் ஒரு பச்சை வாசம் வந்ததும் நிறுத்திவிட்டு, ஆறேழு சின்ன வெங்காயத்தைப் போட்டு ஒன்றிரண்டாகத் தட்டுங்கள். வெங்காயம் தண்ணீர் விட்டு, விதைகள் முழுசாகவே அதில் மிதக்க வேண்டும். மிக்சியில் விதையும் வெங்காயமும் மாவாகிவிடுவதால்தான் உங்களுக்குக் கசந்தது. புளி சிலர் ஒரு சிட்டிகை வைப்பார்கள், நான் வைப்பதில்லை. கடைசியில் பச்சைத் தேங்காய் எண்ணெய், தாராளமாக. எண்ணெயைக் குறைத்தால் காரம் தனியாகத் தெரியும், வாசம் வராது. பக்கத்தில் சுட்ட கருவாடு இருந்தால் அன்றைக்கு வேறு சமையல் தேவையில்லை.

மிச்சக் காய்க்கு வழி நிறைய இருக்கிறது. இரண்டு காந்தாரியும் ஒரு துண்டு இஞ்சியும் கறிவேப்பிலையும் நசுக்கி நீர்மோரில் போடலாம். காம்போடு கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் துடைத்து, ஃப்ரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். வினிகரில் போடுவதென்றால் ஒவ்வொரு காயையும் ஊசியால் ஒரு குத்து குத்தி, உப்போடு புட்டியில் நிரப்பி, கொதிக்கவைத்து ஆறிய வினிகரைக் காய் மூழ்க ஊற்றுங்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகு காயை விட அந்த வினிகர்தான் ருசி. மீன் பொரித்ததன் மேல் தெளித்துப் பாருங்கள். மோர் மிளகாய் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போடலாம், ஆனால் பொரிக்கும்போது கண் இமைக்கும் முன் கருகும். அடுப்பைத் தணித்துக்கொள்ளுங்கள்.

பறித்த கையில் ராத்திரி முழுக்க எரிச்சல். தண்ணீரில் எத்தனை முறை கழுவினாலும் போகவில்லை.
– வாசகி, செங்கோட்டை

காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். முதலில் தேங்காய் எண்ணெயைத் தடவி நன்றாகத் தேய்த்து, துணியால் துடைத்து, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நக இடுக்கை மறக்க வேண்டாம். வாய் எரிந்தால் தயிர் அல்லது பால். தண்ணீர் குடித்தால் வாய் முழுக்கப் பரவும், அவ்வளவுதான். கண்ணில் பட்டுவிட்டால் மட்டும் எண்ணெய், பால் எதையும் விடாமல், சுத்தமான தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவிக்கொண்டே இருங்கள். எரிச்சல் அடங்கவில்லையென்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

விதையில்தான் காரம் என்று நினைத்து விதையை மட்டும் தட்டிவிட்டு நறுக்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. காரம் உருவாகிற இடம் விதைகளைப் பிடித்துக்கொண்டிருக்கிற வெள்ளைச் சதை. கத்தி அதில் பட்டாலும் கை எரியும். கைப்பிள்ளை இருக்கிற வீட்டில் காந்தாரி பறிக்கிற வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிடுங்கள், அல்லது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த இதழில் கறிவேப்பிலை. வாடல், பூச்சி, துளிர்க்காத செடி, எதுவானாலும் எழுதுங்கள். இலையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பினால் எனக்கு வேலை மிச்சம்.